மலையிலிருந்து எந்தக் கடலுக்கு?

கேமரன் மலையின் வடகோடியில், தித்திவாங்சா மலைத்தொடரின் முதுகில் இருக்கிறது கம்போங் ராஜா. இங்கிருந்து சாலை இரண்டு பக்கமும் இறங்குகிறது. மேற்கே சிம்பாங் பூலாய் வழியாக மலாக்கா நீரிணை. கிழக்கே லோஜிங், குவா மூசாங் தாண்டித் தென்சீனக் கடல். தோட்டத்துக் குடும்பம் ஒன்று தீவுக்குப் போக ஆசைப்பட்டால், எந்தப் பக்கம் இறங்குவது என்பதைப் பணத்துக்கு முன்னால் மாதம் முடிவு செய்துவிடும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையைப் புரட்டிப்போடும். கோலா பெசுட்டிலிருந்து பெர்ஹெந்தியான் தீவுகளுக்கு ஓடும் படகுகள் பெரும்பாலும் நின்றுவிடும், விடுதிகளும் கதவைச் சாத்திவிடும். மேற்குக் கரையில் அந்தக் காற்றுக்கு அவ்வளவு வீரியம் இல்லை. குறுக்கே தித்திவாங்சா நிற்கிறது. எதிர்ப்பருவத்தில் வரும் தென்மேற்குக் காற்றைச் சுமத்ரா தாங்கிக்கொள்கிறது. அதனால்தான் பங்கோரும் லங்காவியும் ஆண்டு முழுவதும் திறந்திருக்கின்றன.

நம் வீடுகளுக்கு இதில் ஒரு சங்கடம். தீபாவளி மழை தொடங்கும் நேரத்தில் வருகிறது, ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை மழையின் நடுவில். 2022இல் மார்ச்சுக்குத் தள்ளிப்போன பள்ளித் தொடக்கம் 2026இல் மறுபடி ஜனவரிக்கே வந்துவிட்டது. ஆக, டிசம்பரில் காரை மேற்குக் கரையின் லுமுட்டுக்கு விடுவதே புத்திசாலித்தனம். அங்கிருந்து ஃபெர்ரியில் பங்கோர் சுமார் அரை மணிதான். 1670இல் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையின் மிச்சம், தீவின் பெயராலேயே வழங்கும் 1874 பங்கோர் உடன்படிக்கை, கடலைப் பார்த்தபடி நிற்கும் பத்திரகாளியம்மன் கோயில், அதில் மாசி மகத் திருவிழா என்று தீவு சிறியதானாலும் சரக்கு அதிகம். 2020 ஜனவரி முதல் அது வரியில்லாத் தீவும்கூட. தண்ணீர் மட்டும் கலங்கல். நீரிணையின் வண்டல் அப்படி. பவளம் பார்க்கப் போகிறவர் ஏமாந்துதான் திரும்புவார்.

பவளத்துக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பெர்ஹெந்தியான். (தியோமான் நம் பகாங்கில்தான் இருக்கிறது, ஆனால் மாநிலத்தின் மறுகோடியில், ரொம்பின் கரைக்கு அப்பால்.) மலையிலிருந்து கோலா பெசுட்டுக்கு வேனில் ஐந்தாறு மணி நேரம், பிறகு விரைவுப் படகில் அரை மணிக்குச் சற்றுக் கூட. பெசார், கெச்சில் என்று இரண்டு பெரிய தீவுகள். ஸ்நோர்க்கல் மாட்டித் தலையைக் கவிழ்த்தாலே கிளிமீன்கள் பவளப்பாறையைக் கொறிக்கும் சத்தம் கேட்கும். கொறித்ததை மணலாகக் கழிக்கின்றன. காலடியில் பளிச்சிடும் வெள்ளை மணலில் ஒரு பங்கு அவற்றின் உபயம். கருந்துடுப்புச் சுறாக்களும் உண்டு, ஆனால் அவை மனிதரைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவை. பயப்பட வேண்டியது முட்டை காக்கும் பெரிய கிளாத்தி மீனுக்குத்தான். கூட்டுக்கு மேலே புனல்போல் விரியும் இடம் முழுவதையும் தன் எல்லையாக நினைத்துத் துரத்திக் கடிக்கும். அப்போது மேலே எழும்பாமல் பக்கவாட்டில் நீந்தி விலக வேண்டும்.

பவளம் பார்ப்பதற்குப் பாறை, உள்ளே உயிர். அதில் குடியிருக்கும் நுண்பாசிதான் நிறத்தையும் பெரும்பகுதி உணவையும் தருகிறது. கடல் அளவுக்கு மேல் சூடானால் பவளம் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். 2010இல் அப்படி வெளுத்தபோது தியோமானிலும் ரெடாங் தீவிலும் சில முக்குளிப்பு இடங்களை மாதக்கணக்கில் மூடினார்கள். வெயிலுக்குப் பூசும் சில களிம்புகளும் கெடுதல் என்று பலாவ் 2020இலும் ஹவாய் 2021இலும் தடை போட்டன. களிம்புக்குப் பதில் முழுக்கைச் சட்டை போதும். பவளத்தின் மேல் நிற்காதிருப்பது அதைவிட முக்கியம், ஒரு மிதியில் பல ஆண்டு வளர்ச்சி ஒடிந்துவிடும்.

இன்னொன்று, ஆமை. பேராமையும் அழுங்காமையும் இந்தக் கரைகளில் முட்டையிடுகின்றன. திரெங்கானுக் கரையின் ரந்தாவ் அபாங்கில் ஒரு காலத்தில் கூட்டமாகக் கரையேறிய ஏழுவரி ஆமை இன்று கிட்டத்தட்ட இல்லை. பல பத்தாண்டுகள் முட்டையை அள்ளி விற்றது அதற்குப் பெரிய காரணம். 2022 ஜூன் முதல் திரெங்கானுவில் எல்லா வகை ஆமை முட்டை விற்பனைக்கும் தடை. சந்தையில் யாராவது ரகசியமாக நீட்டினாலும் வாங்காதீர்கள்.