உங்களுக்குத் தெரியுமா? நாமே மாட்டும் சோலார்

◆ விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வருஷத்துக்கு இரண்டு முறை, உச்சி வேளையில் நம் நிழல் காலடியிலேயே சுருண்டுவிடும். ஏப்ரல் 21, 22 வாக்கில் ஒரு தடவை, ஆகஸ்ட் 20ஐ ஒட்டி மறு தடவை. இடைப்பட்ட நான்கு மாதமும் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். மீதி எட்டு மாதம் தெற்கே. பேனலைத் தெற்குப் பார்த்து வைப்பது இதனால்தான். சாய்வு எவ்வளவு? ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு. நமக்கு 12 டிகிரி. கோணமானி தேடி அலைய வேண்டாம்: ஏழரை அடி நீளப் பேனலின் மேல் முனை, கீழ் முனையைவிட ஒன்றரை அடி உயர்ந்திருந்தால் கணக்கு சரி. வடநாட்டு வீடியோவைப் பார்த்து 28 டிகிரிக்கு நிமிர்த்தி வைக்காதீர்கள். அது டெல்லிக்கு.

◆ அக்னி நட்சத்திரத்தில்தான் கரண்ட் கொட்டும் என்று நினைப்போம். பேனலுக்கு வெளிச்சம் வேண்டும், சூடு ஆகாது. பின்னால் ஒட்டியிருக்கும் வாட் கணக்கு, உள்ளே இருக்கும் சிலிக்கான் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. மே மாத மொட்டை மாடியில் அது 65 டிகிரியைத் தொட்டுவிடும். ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 முதல் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். 40 டிகிரி ஏறினால் ஏழில் ஒரு பங்கு காணாமல் போகும். அடியில் காற்று ஓட இடம் விட்டு மாட்டுங்கள். மாசி வெயில்தான் பேனலுக்குப் பிடித்த வெயில்.

◆ 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. மயிலத்தில் ஒரே நாளில் கொட்டிய மழை 50 செ.மீ.யை ஒட்டி. இப்படி ஒரு புயல் ஓய்ந்து, கம்பங்கள் சாய்ந்து, ஊரே இருண்டு கிடக்கும்போது, மாடியில் 3 கிலோவாட் சோலார் வைத்திருப்பவர் வீட்டிலும் விளக்கு எரியாது! வெயில் அடித்தாலும் எரியாது. இ.பி. லைனோடு இணைந்த இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் இல்லாவிட்டால் தானே நின்றுகொள்ளும்படி செய்யப்பட்டது. பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் மீது நம் மாடி கரண்ட் பாய்ந்துவிடக் கூடாதல்லவா? மின்வெட்டிலும் விளக்கு வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் அல்லது லைனோடு சேராத தனி செட் வேண்டும். விற்பவர் இதை முதலில் சொல்வதில்லை. வாங்குபவர்தான் கேட்க வேண்டும்.

◆ நம் கையால் மாட்டத் தோதானது அந்தத் தனி செட்தான். 100 வாட் பேனல் ஒன்று, சார்ஜ் கன்ட்ரோலர், 12 வோல்ட் 75 ஏ.எச். பேட்டரி. நல்ல வெயில் நாளில், சேதாரம் போக, கால் யூனிட்டுக்கு மேல், ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு வரை கையில் நிற்கும். 12 வோல்ட்டில் ஓடும் 28 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் எட்டு மணி நேரம், 9 வாட் எல்.இ.டி. பல்பு இரண்டு ஆறு மணி நேரம். அவ்வளவுதான். மிக்ஸி, கிரைண்டர், மோட்டார் பக்கம் போகக் கூடாது.

◆ இணைக்கும்போது முதலில் பேட்டரி, அப்புறம் பேனல். கழற்றும்போது முதலில் பேனல். இந்த வரிசை மாறினால் சார்ஜ் கன்ட்ரோலர் பழுதாக வாய்ப்பு உண்டு.

◆ பேனலுக்கு ஸ்விட்ச் கிடையாது. வெளிச்சம் பட்டால் அது வேலை செய்யும், நீங்கள் தயாரா என்று கேட்காது. ஒயரைத் தொடும் முன் கனத்த தார்ப்பாய் போட்டு மூடுங்கள். வீட்டில் மிச்சம் கிடக்கும் ஏ.சி. ஸ்விட்சை இங்கே மாட்டுவதும் ஆபத்து. ஏ.சி. மின்சாரம் நொடிக்கு நூறு முறை சுழியைத் தொட்டுத் திரும்புவதால் பொறி அணைந்துவிடும். டி.சி.யில் அந்த இடைவெளி இல்லை. பொறி நின்று எரியும். பல பேனல்களை வரிசையாகக் கோத்தால் வோல்ட்டேஜ் நூற்றுக்கணக்கில் ஏறும், அப்போது இது விளையாட்டில்லை.

◆ ஒயர் விஷயத்தில் கஞ்சத்தனம் பிடித்தால் கரண்ட் வழியிலேயே கரைந்துவிடும். மேலே சொன்ன 100 வாட் பேனலிலிருந்து 15 மீட்டர் தள்ளி இருக்கும் பேட்டரிக்கு, வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 1.5 சதுர மி.மீ. ஒயரை இழுத்தால் 18 வோல்ட்டில் சுமார் 2 வோல்ட் போய்விடும். 4 சதுர மி.மீ. ஒயரில் 1 வோல்ட்கூடப் போகாது.

◆ பக்கத்து வீட்டுத் தென்னையின் ஒற்றை மட்டை நிழல், ஒரு பேனலில் மூன்றில் ஒரு பகுதியை முடக்கப் போதும். உள்ளே செல்கள் எல்லாம் சங்கிலிபோலக் கோத்திருக்கின்றன. ஒன்று சோர்ந்தால் அந்த வரிசையே சோரும். என் மாடியில் வில்லன் சிண்டெக்ஸ் தொட்டி. சித்திரையில் இடம் பார்த்தபோது நிழலே இல்லை. மார்கழியில் பாதிப் பேனலை மூடிக்கொண்டது. இடம் பார்ப்பதை மார்கழியில் வைத்துக்கொள்ளுங்கள், காலை ஒன்பது மணிக்கும் மாலை மூன்று மணிக்கும்.

◆ மரக்காணம் உப்பளங்களில் வெயில் எத்தனையோ தலைமுறைகளாக வேலை பார்க்கிறது. அங்கே வீசும் உப்புக் காற்று சாதா இரும்பு போல்ட்டைச் சீக்கிரமே தின்றுவிடும். கடலோர ஊர்க்காரர்கள் துரு ஏறாத ஸ்டீல் போல்ட்டும், கால்வனைஸ் செய்த சட்டமும் வாங்கவும். செங்கல் அடுக்கி முட்டுக் கொடுக்கும் வேலையே வேண்டாம். 2011 டிசம்பர் 30 தானே புயல் நினைவிருக்கிறதா? காற்றுக்குப் பேனல் ஒரு பாய்மரம்.

◆ நம் மாவட்டம் சூரியனுக்குப் புதுசில்லை. வானூர் பக்கம் ஆரோவில்லின் சோலார் கிச்சன் மாடியில் 15 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறது. கிண்ணம் அசையாது, வெப்பம் வாங்கும் குழாய்தான் சூரியனைத் தொடர்ந்து நகரும். அந்த வெப்பத்தில் உண்டாகும் நீராவியில் சோறு வேகும். மழை நாளுக்கு டீசல் கொதிகலனும் உண்டு, அடுப்புக்கு மேகம் தெரியாதே.

◆ பிரதமர் சூர்ய கர் திட்டத்தின் (2024) மானியம்: 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, இரண்டுக்கு ரூ.60,000, மூன்றும் அதற்கு மேலும் ரூ.78,000. ஆனால் பதிவு பெற்ற நிறுவனம் மாட்டினால்தான் கிடைக்கும். நீங்களே மாட்டினால் ஒரு பைசா வராது. இன்னொன்று: 1 கிலோவாட் பேனல் இரண்டு மாதத்தில் சுமார் 240 யூனிட் தரும். தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் ஏற்கெனவே இலவசம். 200 யூனிட்டுக்குள் ஓட்டும் குடும்பத்துக்கு, காசுக் கணக்கில் பார்த்தால், பெரிய சோலார் தேவையே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

◆ தனி செட் மாட்ட யாரிடமும் கேட்க வேண்டாம். ஆனால் அதன் ஒயரை வீட்டு மெயின் போர்டில் கொண்டுபோய்ச் செருகாதீர்கள். இ.பி. அனுமதி, இரு வழி மீட்டர், எர்த் எல்லாம் இல்லாமல் அதைச் செய்தால் ஆபத்து உங்களோடு நிற்காது. கம்பத்தில் இருப்பவர் நம் ஊர்ப் பிள்ளை.