பிரிந்தபின் கணக்கு – 9: கண்ணாடிக்கு யார் காசு?

போன வாரம் சொத்து விவரப் பிரமாணப் பத்திரத்தோடு நிறுத்தினோம். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் – நேஹா ஜீவனாம்ச வழக்கில் உச்ச நீதிமன்றம் இரு தரப்புக்கும் கட்டாயமாக்கிய பத்திரம். தவறவிட்டவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம்.

இந்த வாரம் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) என்று சொல்லியிருந்தேன். சிங்கப்பெருமாள் கோயிலில் குடியிருந்து மறைமலைநகருக்கும் ஒரகடத்துக்கும் ஷிப்ட் போகிறவர்களுக்கு அதுதான் முதல் கேள்வி. ஆனால் வழியில் ஒரு பழைய தீர்ப்பு என்னைப் பிடித்துக்கொண்டது.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில் (2024 ஜூலை முதல் அது புதிய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 144ஆம் பிரிவு) ஜீவனாம்சத்துக்கு உச்சவரம்பு இருந்தது. மாதம் 500 ரூபாய்! 1898ஆம் ஆண்டுச் சட்டத்தில் 50, 1923இல் 100, 1955இல் 500. அதன்பின் 2001 வரை அசையவே இல்லை. அரிசி, துணி, வாடகை, ஊசி, மாத்திரை எல்லாம் அதற்குள். அதுவும் ‘மொத்தமாக’ 500ஐத் தாண்டக் கூடாது. அப்படியென்றால் தாயும் பிள்ளைகளும் சேர்ந்து 500ஆ, ஆளுக்கு 500ஆ?

1978இல் கேப்டன் ரமேஷ் சந்தர் கௌஷல் வழக்கில் இந்தக் கேள்வி நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் முன் வந்தது. 1957இல் கேரளத்தின் ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் மந்திரியாக இருந்தவர். சட்டத்தை ஏழை பக்கம் சாய்த்துப் படிக்கத் தயங்காதவர். ஆளுக்கு 500 என்றார். கூட்ட வேண்டியது செலவு இனங்களை, தலைகளை அல்ல என்பது அவர் கணக்கு.

பிள்ளைக்குத் தனிப் பங்கு கிடைத்தது. ஆனால் அந்தப் பங்குக்குள் வைத்தியச் செலவு சாப்பாட்டுச் செலவோடு ஒரே மூட்டையாகவே இருந்தது. 2001இல் வரம்பு போனது, மூட்டை அவிழவில்லை. இன்றும் பெரும்பாலான உத்தரவுகள் ‘மாதம் இவ்வளவு’ என்றுதான் வருகின்றன. மூக்குக்கண்ணாடி, பல் கம்பி, பேச்சுப் பயிற்சி, காய்ச்சலுக்குக் கிளினிக் பீஸ்: முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தாலும் இவை பெரும்பாலும் கைக்காசுதான். பிள்ளை யாரிடம் இருக்கிறதோ அவர் கட்டுகிறார். பெரும்பாலும் அம்மா.

சட்டத்தில் வழியில்லாமல் இல்லை. இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டு ஜீவனாம்சச் சட்டம் மருத்துவச் செலவையும் பராமரிப்பில் சேர்க்கிறது. பொறுப்பை அப்பா, அம்மா இருவர் மேலும் வைக்கிறது. 2000இல் பத்மஜா சர்மா வழக்கில் அப்பாவின் வருமானம் அம்மாவுடையதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. பிள்ளைகளின் செலவை உச்ச நீதிமன்றம் 2:1 என்று பிரித்தது. 3,000 ரூபாய் செலவென்றால் அப்பா 2,000, அம்மா 1,000. பாதிக்குப் பாதியைவிட இதுதான் நியாயம் என்பது என் கட்சி.

கலிஃபோர்னியாவில் காப்பீட்டில் வராத செலவை ஒருவர் செய்தால் 30 நாளுக்குள் மற்றவருக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். நம் ஊரில் அப்படி விதி இல்லை. ஆனால் சமரச மனுவில் நாமே எழுதிக்கொள்ள யார் தடுத்தார்கள்? செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் போகிறவர்கள் வக்கீலிடம் கேட்டு, மாதத் தொகைக்குக் கீழே வைத்தியச் செலவுக்கென்று தனியாக ஒரு வரி எழுதுங்கள்: யாருக்கு எத்தனை சதவீதம், பில்லை எத்தனை நாளில் காட்டுவது, பெரிய சிகிச்சை என்றால் முன்கூட்டி யாரைக் கேட்பது.

ஈ.எஸ்.ஐ.யும், சம்பளம் 21,000ஐத் தாண்டினால் என்ன ஆகும் என்பதும் அடுத்த வாரம், கட்டாயம். அதற்குள் உங்கள் ஈ.எஸ்.ஐ. கார்டில் பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று பார்த்து வையுங்கள்.