காட்டுப்பன்றிக்கு எந்தத் தோட்டா? மூன்று மரத் தூரமே கணக்கு

மறுநடவு செய்த செம்பனை நிலத்தில் காலையில் இறங்கிப் பார்த்தால், நேற்றுவரை நின்ற கன்றுகள் சாய்ந்து கிடக்கும். அடிமண் கிளறப்பட்டிருக்கும். உள்ளிருக்கும் வெள்ளைக் குருத்தை மட்டும் தின்றுவிட்டுக் காட்டுப்பன்றி போயிருக்கும். கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், தஞ்சோங் காராங் சுற்றுவட்டாரத்தில் தோட்ட வேலை பார்த்தவர்களுக்கு இது புதிய காட்சி அல்ல. ராஜா மூசா வனப்பகுதியை ஒட்டிய நிலங்களில் காடும் தோட்டமும் ஒரு வாய்க்கால் இடைவெளியில்தான் இருக்கின்றன.

காடு மட்டும் பன்றியை வளர்ப்பதில்லை, செம்பனையும் வளர்க்கிறது. நெகிரி செம்பிலானில் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த பாசோ காட்டில் 1990களின் பிற்பகுதியில் ஓர் ஆய்வு நடந்தது. அங்கே ஒரு சதுர கிலோமீட்டருக்கு 27 முதல் 47 பன்றிகள் வரை இருந்ததாக அது கணக்கிட்டது. இயற்கையான அளவைவிட இது மிக அதிகம். ஆண்டு முழுவதும் கிடைக்கும் உதிரிப் பழம் அதற்கு ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது.

ஆகவே உரிமம் பெற்ற வேட்டைக்காரர்கள் தோட்டங்களுக்குள் வருகிறார்கள். அவர்களிடையே ஓயாமல் நடக்கும் விவாதம் ஒன்றுதான்: எந்தத் தோட்டா நல்லது? இதைத் துப்பாக்கிக்காரரின் சொந்த விவகாரம் என்று விட்டுவிட முடியாது. அதே நிரையில் விடியற்காலையில் குனிந்து உதிரிப் பழம் பொறுக்குகிறவருக்கும் அதில் பங்கு உண்டு. பன்றி என்று நினைத்துச் சுட்டதில் மனிதர் உயிர் போன செய்தி இந்த நாட்டில் ஒரு முறை இரு முறை வந்ததல்ல.

12 போர் என்றால் என்ன?

தோட்டங்களில் அதிகம் காணப்படுவது செனாப்பாங் பாத்தா, அதாவது நடுவில் மடக்கித் தோட்டா போடும் துப்பாக்கி. பெரும்பாலும் 12 போர். இந்த எண் வாய்வழியாக மருந்தும் குண்டும் இடித்து நிரப்பிய பழைய காலத்திலிருந்து வந்தது. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால், அதில் ஓர் உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாக நுழையுமோ அதுவே 12 போர். குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். 20 போர் என்றால் பவுண்டுக்கு 20 உருண்டை. அதாவது எண் கூடினால் குழல் சிறியது.

இந்தக் குழலில் மூன்று விதத் தோட்டாக்கள் போடலாம். நூற்றுக்கணக்கான பொடி ரவைகள் கொண்டது ஒன்று. கொஞ்சம் பெரிய ரவைகள் கொண்டது இன்னொன்று. ஒரே குண்டு கொண்ட சிலக் மூன்றாவது.

பொடி ரவை ஏன் ஆகாது?

புறாவுக்கும் கோழிக்கும் பயன்படும் 6ஆம் எண் ரவை ஒன்றின் எடை சுமார் 0.1 கிராம். பன்றிக்கான எஸ்ஜி ரவை ஒன்றின் எடை சுமார் 3.5 கிராம், அதாவது முப்பத்தைந்து மடங்கு. வளர்ந்த ஆண் பன்றியின் தோள்பட்டை மேல் தடித்த கவசம்போல ஒரு தோல் அடுக்கு உண்டு. பொடி ரவை அதைத் தாண்டி நெஞ்சுக்குள் போகாது. தோலுக்கடியில் தங்கிப் புண்ணாக்கும். பன்றி அப்போதைக்கு ஓடிவிடும். பல நாள் சீழ்பிடித்துச் சாகும், அல்லது காயத்தோடு புதரில் படுத்துக் கிடக்கும். மறுநாள் அந்தப் பக்கம் புல் வெட்டப் போகிற தொழிலாளி மீது அது பாயலாம்.

வெளிநாடுகளிலும் இதே அனுபவம்தான் சட்டமாகியிருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வாய்வழி நிரப்பும் பழைய பாணித் துப்பாக்கியால் எல்க் என்னும் பெரிய மானை வேட்டையாட அனுமதி உண்டு. ஆனால் குழல் விட்டம் குறைந்தது அரை அங்குலம் இருக்க வேண்டும். சிறிய மானுக்கு அதைவிடக் குறைவான விட்டம் போதும். விலங்கு பெரிதாக ஆக, குண்டுக்கும் கனம் வேண்டும் என்பதே அந்த விதியின் பொருள்.

எஸ்ஜி, எல்ஜி: எத்தனை ரவை, எவ்வளவு தூரம்?

ஆங்கிலேய அளவு முறையில் எஸ்ஜி என்பது ஒரு அவுன்ஸுக்கு 8 ரவை. ஒவ்வொன்றும் சுமார் 8.4 மில்லிமீட்டர். வழக்கமான 12 போர் தோட்டாவில் 9 ரவை இருக்கும். எல்ஜி இன்னும் பெரியது, அவுன்ஸுக்கு 6. ஏஏஏ என்பது சுமார் 5 மில்லிமீட்டர்தான், வளர்ந்த பன்றிக்குப் போதாது. நாட்டுக்கு நாடு எழுத்துகளின் பொருள் மாறும் என்பதால், பெட்டியில் உள்ள எழுத்தை மட்டும் நம்பாமல் ரவை எண்ணிக்கையையும் மில்லிமீட்டர் அளவையும் பார்த்து வாங்குவதே சரி.

பலரும் தவறு செய்வது தூரத்தில்தான். குழலை விட்டு வெளியேறிய ரவைகள் விரிந்துகொண்டே போகும். பழைய கணக்குப்படி ஒவ்வொரு கஜத்துக்கும் ஓர் அங்குலம் விரியும். 10 மீட்டரில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. 20 மீட்டரில் அரை மீட்டருக்கு மேல். 30 மீட்டரில் ஏறக்குறைய 85 சென்டிமீட்டர். பன்றியின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடமோ ஒரு தட்டு அகலம்தான். அதனால் 30 மீட்டரில் ஒன்பது ரவையில் ஒன்றிரண்டுதான் அங்கே படும். மற்றவை வயிற்றிலும் காலிலும் படும், அல்லது பன்றியைத் தாண்டிப் போகும்.

செம்பனைத் தோட்டத்தில் இதை அளக்க நாடா தேவையில்லை. மரத்துக்கு மரம் சுமார் 9 மீட்டர் இடைவெளி விட்டு நடுவதே பொதுவான முறை. இரண்டு மரத் தூரம் என்றால் எஸ்ஜி நம்பகமாக வேலை செய்யும். மூன்றாவது மரம் எல்லை. நான்காவது மரத்துக்கு அப்பால் நிற்கும் பன்றி, ரவைத் தோட்டாவுக்கு உரியதல்ல. அதை விட்டுவிடுவதே வேட்டைக்காரரின் திறமை.

ஒரே துப்பாக்கியில் கூட வெவ்வேறு தயாரிப்பாளர்களின் எஸ்ஜி வெவ்வேறாக விரியும். குழல் வாய் எவ்வளவு குறுகியது என்பதும் சேர்ந்துகொள்ளும். அனுமதி பெற்ற சுடும் திடலில் 10, 20, 25 மீட்டரில் பெரிய தாளில் சுட்டு ஓட்டைகளை எண்ணிப் பார்த்தவருக்கே தன் துப்பாக்கியின் எல்லை தெரியும்.

சிலக்: பலமும் ஆபத்தும்

ஒரே ஈயக் குண்டான சிலக் ஏறக்குறைய 28 கிராம் எடை கொண்டது. கவசத் தோலையும் எலும்பையும் உடைத்துச் செல்லும். 50 மீட்டர் தாண்டியும் பன்றியை ஒரே அடியில் வீழ்த்தும். அப்படியானால் எல்லாரும் சிலக் போட்டாலென்ன?

தவறிய குண்டு எங்கே போய் நிற்கும் என்பதே இதற்குப் பதில். எஸ்ஜி ரவை, உயர்த்திப் பிடித்துச் சுட்டால், 600 மீட்டருக்கு மேல் போகக்கூடியது. செம்பனைக் கணக்கில் அறுபது மரத்துக்கும் மேல். சிலக் ஒரு கிலோமீட்டரையும் எட்டும். கெர்லிங், களும்பாங் பக்கத்து மேட்டுநிலங்களில் பன்றிக்குப் பின்னால் ஒரு மண் சரிவு இருந்தால் குண்டு அதில் புதைந்துவிடும். கோலசிலாங்கூரின் கடலோரச் சமவெளியில் அந்த மேடு கிடையாது. நிரைக்குள் நேராகப் பார்த்தால் அடுத்த கோடியில் லாரிச் சாலை தெரியும், அதற்கப்பால் லயத்து வீடுகள். வாய்க்கால்களும் நிறைய. தண்ணீரில் சாய்வாகப் பட்ட ஈயக் குண்டு அமிழ்ந்து போகும் என்று நினைக்கக் கூடாது. தட்டாம்பாறைக் கல் போலத் துள்ளித் திசைமாறிப் போகும்.

ஆகவே சமவெளியில் சிலக் என்பது உயரமான பரண் மீதிருந்து கீழ்நோக்கிச் சுடுபவருக்கே ஓரளவு பொருந்தும், அப்போதுதான் தவறிய குண்டு மண்ணில் இறங்கும். தரையில் நின்று, நிரை நீளத்தில், டார்ச் வெளிச்சத்தில் மின்னும் இரண்டு கண்ணைப் பார்த்து சிலக் சுடுவது சூதாட்டம். அந்தப் பணயத்தை வைப்பவர் வேட்டைக்காரர், இழப்பவர் வேறொருவர்.

தோட்டா போடுமுன் பார்க்க வேண்டியவை

12 போர் துப்பாக்கியில் 20 போர் தோட்டா தவறுதலாக விழுந்தால் அது வழுக்கிக் குழலுக்குள் போய்த் தங்கிவிடும். வெடிக்கவில்லையே என்று பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் கையிலேயே வெடிக்கும். அதனால்தான் 20 போர் தோட்டாக்கள் மஞ்சள் நிறத்தில் வருகின்றன. இரண்டையும் ஒரே பையில் போடக் கூடாது.

நீளமும் முக்கியம். 70 மில்லிமீட்டர் அறை கொண்ட துப்பாக்கியில் 76 மில்லிமீட்டர் தோட்டா உள்ளே நுழைந்துவிடும், மூடியும் விடும். ஆனால் சுடும்போது தோட்டாவின் மடிந்த வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். அப்பா காலத்துத் துப்பாக்கிகளில் அறை இன்னும் குட்டையாக, 65 மில்லிமீட்டராக இருக்கலாம். குழலின் அடியில் பொறிக்கப்பட்டிருக்கும் எண்ணைப் பார்க்காமல் புதிய தோட்டா வாங்கக் கூடாது.

பகாகுக் வேண்டாம்

உரிமம் எடுப்பது சிரமம் என்று சிலர் தேடிப் போவது பகாகுக் எனப்படும் நாட்டுத் துப்பாக்கி. தண்ணீர்க் குழாயை வைத்துச் செய்ததெல்லாம் இதில் உண்டு. அதற்கு எந்தத் தோட்டா நல்லது என்ற கேள்விக்கே இடமில்லை. துப்பாக்கிக் குழல் தாங்கும் அழுத்தத்தைத் தண்ணீர்க் குழாய் தாங்காது. முதலில் போவது சுடுபவரின் விரலும் கண்ணும்.

சட்டத்துக்கு அதுவும் துப்பாக்கிதான். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். 1971ஆம் ஆண்டு துப்பாக்கிக் குற்றங்களுக்கான கூடுதல் தண்டனைச் சட்டத்தின்கீழ் வழக்கு வந்தால் 14 ஆண்டு வரை சிறையும் 6க்குக் குறையாத பிரம்படியும் உண்டு. ஒரே ஒரு தோட்டா கையில் இருந்தாலும் குற்றமே. தோட்டத்தில் வெடிக்காத தோட்டா கிடைத்தால் அதை நினைவுக்காக வீட்டுக்கு எடுத்துப் போகாமல் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். வேட்டைக்காரர் உறவினரே ஆனாலும் அவர் துப்பாக்கியை வாங்கிக் கையில் பிடிக்கக் கூடாது. உரிமம் ஆளுக்குத்தான், குடும்பத்துக்கு அல்ல.

துப்பாக்கி உரிமம் மட்டும் இருந்தாலும் போதாது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றியும் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதை வேட்டையாடப் பெர்ஹிலித்தானின் உரிமம் தனியாகத் தேவை. கம்பிக் கண்ணி வைப்பதும் அதே சட்டத்தில் குற்றம். பன்றிக்கு வைத்த கண்ணி பன்றியை மட்டும் பார்த்து இறுக்குவதில்லை. மின்கம்பி போடுவது அதைவிடக் கொடியது, அது மனிதரையும் கொல்லும்.

சுட்ட பிறகு

ஈய ரவை இறைச்சிக்குள் சிதறும். கண்ணுக்குத் தெரியாத துகள் காயத்திலிருந்து தள்ளியும் பரவும். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை. அதிகம் பாதிக்கப்படுவது குழந்தைகள். ஆகவே காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிய வேண்டும். மீதியை நன்றாக வேகவைக்க வேண்டும்.

2021 பிப்ரவரியில் சபாவில் உறுதி செய்யப்பட்டு, பிறகு தீபகற்பத்துக்கும் வந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதரைத் தாக்காது. ஆனால் காலணி, கத்தி, வண்டி மூலம் வளர்ப்புப் பன்றிக்குப் போகும். சுடாமலே செத்துக் கிடக்கும் பன்றியைத் தொடாமல் கால்நடைச் சேவைத் துறைக்குச் சொல்வதே முறை.

தொழிலாளர் கேட்க வேண்டியது

துப்பாக்கி பிடிக்காதவர்களுக்கும் இதில் செய்ய வேண்டியது உண்டு. எந்த நாள், எந்த நேரம், எந்த நம்பர் பிளாக்கில் வேட்டை என்று தோட்ட நிர்வாகத்திடம் மண்டோர் மூலமாக முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை தொழிலாளருக்கு உண்டு. அந்நியத் தொழிலாளர்களுக்கும் அவர்கள் மொழியில் அது போய்ச் சேர வேண்டும். வெளிச்சம் வராத நேரத்தில் நிரைக்குள் போகிறவர் தலை விளக்கை அணைக்காமல், பளிச்சென்ற சட்டை போட்டுப் பேசிக்கொண்டே போவது நல்லது.

வேட்டைக்காரருக்கோ கணக்கு சுலபம். முழு உடலும் தெரிந்து அது பன்றிதான் என்று உறுதியானால், மூன்று மரத்துக்குள் நின்றால், பின்னால் மண் இருந்தால், எஸ்ஜி போதும். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் எந்தத் தோட்டாவும் நல்ல தோட்டா அல்ல. தப்பிப் போன பன்றி நாளைக்கும் உதிரிப் பழத்துக்கு வரும். சுடப்பட்ட மனிதர் திரும்பி வரமாட்டார்.