குகைச் சுவரில் படிந்த புகை

பிரான்ஸ் தேசத்தின் தென்பகுதியில், ரோன் நதியின் பள்ளத்தாக்கை நோக்கி நிற்கும் மாண்ட்ரின் என்ற குகையில், நியாண்டர்தால் மனிதர் வாழ்ந்த மண்ணடுக்கிற்கு மேலே, ஏறக்குறைய 54,000 ஆண்டுகளுக்கு முற்பட்டதெனக் கணிக்கப்பட்ட ஓர் அடுக்கில், நம் இனத்துக் குழந்தை ஒன்றின் பால்பல் அகப்பட்டதென்று லூதோவிக் ஸ்லிமாக்கும் அவருடைய சகாக்களும் 2022இல் அறிவித்தார்கள். அதைக் காட்டிலும் விசேஷமானது, அதற்கு அடுத்து மேலுள்ள அடுக்குகளில் மறுபடியும் நியாண்டர்தால்களே காணப்படுவதாகும்; வந்தவர் வென்றார், இருந்தவர் மாய்ந்தார் என்று நாம் சொல்லிப் பழகிய எளிய சரித்திரத்திற்கு அக்குகை இடங்கொடுக்கவில்லை.

ஆயினும், ஒரு சத்திரத்தில் முன்னும் பின்னுமாகத் தங்கிப்போன யாத்திரிகர்கள் ஒருவரையொருவர் கண்டிருக்க வேண்டுமென்ற நியதி இல்லையன்றோ? அடுத்தடுத்த இரண்டு அடுக்குகளுக்கு நடுவே ஒரு மாதமும் கழிந்திருக்கலாம், ஓராயிரம் ஆண்டும் கழிந்திருக்கலாம். ரேடியோ கார்பன் முறையோ 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் பயன்படாது. இந்தச் சங்கடத்தைத் தீர்த்தது, யாரும் பொருட்படுத்தாத புகைக்கரி. குகையில் தீ மூட்டிய போதெல்லாம் சுவரில் கரி படிய, அதன்மேல் சுண்ணாம்புப் படலம் மூட, அதன்மேல் அடுத்த தீயின் கரி படிய, இவ்வாறு வளர்ந்த சுவரின் சில்லுகள் அவ்வப்போது உதிர்ந்து மண்ணில் புதைந்தன. அவற்றைச் சேகரித்து, உருப்பெருக்கியின் கீழ் வரி வரியாக எண்ணிய ஆராய்ச்சியாளர்கள், நியாண்டர்தால்களின் கடைசித் தீக்கும் நம்மவரின் முதல் தீக்கும் இடையே ஓராண்டுக்கு மேல் கழிந்திருக்க முடியாதென்ற முடிவுக்கு வந்தார்கள். இவ்வளவு தொன்மையான காலத்தை ஓராண்டு என்ற மனித அளவையால் அளந்த அந்தப் பொறுமையை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு மேலிடுகிறது.

ஒற்றைப் பல்லை நம்பி இவ்வளவு பெரிய முடிவைக் கட்டலாகாது என்று ஆட்சேபிக்கும் அறிஞர்களும் உண்டு. அந்த ஆட்சேபம் நியாயமானதே. சந்திப்பு நிகழ்ந்திருக்கலாம் என்பதற்கு மேல் புகைக்கரியாலும் சொல்ல இயலாது. அத்தகைய சந்திப்பு எங்கோ நிகழ்ந்தே தீர்ந்தது என்பதற்குச் சாட்சி வேறொரு தேசத்தில், ருமேனியாவின் ஓசே குகையில், 2002இல் கிடைத்தது: சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, நம் இனத்தைச் சேர்ந்த ஓர் ஆடவனின் கீழ்த்தாடை. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் நம்மனோரின் மரபணுவில் நியாண்டர்தால் பங்கு இன்று 2 சதவீதம் அளவே இருக்க, அவனிடத்தில் அது 6 முதல் 9 சதவீதம் வரை இருந்தது. அதுவும் சிதையாமல் நீண்ட துண்டுகளாகவே இருந்தமையால், கலப்பு நேர்ந்து நான்கு முதல் ஆறு தலைமுறைகளே ஆகியிருந்தன என்று 2015இல் தெளிந்தார்கள். அவன் பாட்டனுக்குப் பாட்டனோ, பாட்டிக்குப் பாட்டியோ நியாண்டர்தாலாக இருந்திருக்கலாம். அவர்களை நேரில் கண்ட முதியோர் சிலர் அவன் குடும்பத்தில் இருந்திருக்கவும் கூடும்.