உள்ளங்கையில் ஒரு தூரத்துத் திரை

செல்போனிலிருந்தே அலுவலகக் கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள் ஆடிட்டர்களுக்கு வரப்பிரசாதம். ஆனால் அதே வழியில் திருடனும் வரலாம்.

மாதாமாதம் 20ஆம் தேதி நெருங்கினால் நாடெங்கும் ஆடிட்டர் அலுவலகங்களில் பரபரப்பு. மாதந்தோறும் ஜிஎஸ்டிஆர்-3பி படிவம் தாக்கல் செய்யும் வணிகர்களுக்கு அதுதான் கடைசி நாள். அன்றைக்கென்று பார்த்து ஆடிட்டர் ரயிலில் போய்க்கொண்டிருப்பார். கணக்கோ சூரத் ஜவுளிக் கடை ஒன்றின் கம்ப்யூட்டரில், டாலி மென்பொருளுக்குள் இருக்கும். ஒரு பில்லைத் திருத்தக்கூட முன்பு யாராவது நேரில் போக வேண்டும். இப்போது செல்போனை எடுத்தால் போதும். கடைக் கம்ப்யூட்டரின் திரை அப்படியே உள்ளங்கைக்கு வந்துவிடுகிறது.

இதில் மாயம் எதுவுமில்லை. கணக்கு செல்போனுக்கு வருவதே இல்லை. வேலை முழுவதும் சூரத்தில்தான் நடக்கிறது; திரையின் படம் இங்கே வருகிறது, விரலின் அசைவு அங்கே போகிறது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி-ஆரக்கிள் ஆய்வுக்கூடம் உருவாக்கிய விஎன்சி இந்த உத்திக்கு வழிகாட்டியது. திரையைச் செவ்வகம் செவ்வகமாகப் பிரித்து, மாறிய பகுதியை மட்டும் அனுப்புவதே அதன் சூட்சுமம். 1998இல் அது இலவசமாகவே வெளியிடப்பட்டது. பின்னர் ஜெர்மனியிலிருந்து டீம்வியூவரும் எனிடெஸ்க்கும் வந்தன. எண்ணைத் தட்டினால் இணைப்பு என்று விஷயம் எளிதாகிவிட்டது.

விரல்தான் எளிதில் பழகவில்லை. மேசைத் திரைக்காக வடிவமைத்த பொடி எழுத்துகள் ஆறங்குலத்தில் எறும்பு வரிசையாகத் தெரிகின்றன. ஒரு பட்டனைத் தொடப் போனால் விரல் நான்கை மறைக்கிறது. எனவே செல்போன் திரையையே மவுஸ் பலகையாக்கி, அம்புக்குறியை விரலால் நகர்த்தும் முறை வந்தது. இரண்டு விரலை விரித்தால் திரை பெரிதாகும். அழுத்திப் பிடித்தால் வலது கிளிக். ஆனால் டாலி கீபோர்டை நம்பும் மென்பொருள். விற்பனைக்கு எஃப்8, கொள்முதலுக்கு எஃப்9, பதிவை ஏற்க கன்ட்ரோலும் ஏ-யும். செல்போன் கீபோர்டில் இவை ஏது? அதற்காகவே இந்த மென்பொருள்கள் தனிச் சாவி வரிசை ஒன்றைத் தருகின்றன. இத்தனை இருந்தும், கடையில் மின்சாரம் போனாலோ கம்ப்யூட்டர் உறக்க நிலைக்குப் போனாலோ இணைப்பு அறுந்துவிடும். அப்போது பக்கத்துக் கடைக்காரருக்குப் போன் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

இந்தப் பாதையில் எதிர்த்திசையிலும் பயணம் செய்யலாம் என்பதுதான் ஆபத்து. ஆடிட்டர் செல்போனிலிருந்து கம்ப்யூட்டரைப் பார்க்கிறார். மோசடிக்காரன் தன் இடத்திலிருந்து உங்கள் செல்போனைப் பார்க்கிறான். 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி எனிடெஸ்க்கின் பெயரையே குறிப்பிட்டு வங்கிகளை எச்சரித்தது. மோசடி நடக்கும் விதம் எளிமையானது. “உங்கள் கேஒய்சி காலாவதியாகிவிட்டது” என்று ஒரு போன் வரும். குறிப்பிட்ட செயலியை இறக்கச் சொல்வார்கள். அது காட்டும் எண்ணைக் கேட்பார்கள். கேட்கும் அனுமதிகளையும் கொடுத்துவிட்டால், அதன்பின் வரும் ஓடிபியை நீங்கள் சொல்லவே வேண்டாம். திரையில் அவனே படித்துக்கொள்வான்.

மென்பொருளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. வாசலைத் திறந்துவிடுவது உரிமையாளரின் கைதான். தானாக அழைத்த எவருக்கும் அந்த எண்ணைத் தரக்கூடாது. தந்துவிட்டால் உடனே இணையத்தைத் துண்டித்து, செயலியை நீக்கி, வங்கிக்கும் 1930 என்ற உதவி எண்ணுக்கும் சொல்ல வேண்டும். கடைக்காரர்கள் வேலையை விட்டுப் போன கணக்கரின் பாஸ்வேர்டை அன்றே மாற்றிவிடுவது நல்லது.

கடைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று எந்த வணிகரைக் கேட்டாலும் உடனே சொல்வார். அந்த எண்ணும் சாவிதான்.