பொறிப்பெயரும் எழுத்திலக்கணமும்

திருகோணமலைத் துறைமுகத்துட் புகும் கப்பல் தன் பெயரை அறிவித்தே புகும். கணினி வலையமைப்பிலும் நிலை இதுவே. செய்திகளை வழிப்படுத்தும் ரவுட்டர், சுவிட்ச் முதலிய பொறிகள் யாவும் பெயருடையன. அப்பெயர் விதிக்கு அமைந்ததா எனச் சோதித்து ஏற்றல் நிரல் எழுதுவோர் கடன். எளிதாகத் தோன்றும் இச்சோதனையிலேதான் தமிழ்ப் பெயர்கள் இடறுகின்றன.

விதி பழையது. 1985 இல் வெளிவந்த 952 ஆம் இணைய ஆவணம் ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு ஆகியவற்றையே பெயருக்கு அனுமதித்தது. முதலில் எழுத்தே நிற்றல் வேண்டும் என்றது. 1989 இல் வந்த 1123 ஆம் ஆவணம் எண்ணும் முதலில் நிற்கலாம் எனத் தளர்த்தியது. புள்ளிகளால் பிரிக்கப்பெறும் உறுப்பு ஒவ்வொன்றும் 63 குறிகளுக்கு மேற்படலாகாது; முழுப்பெயர் 253 க்கு மேற்படலாகாது. உறுப்பின் முதலிலோ ஈற்றிலோ சிறுகோடு வரலாகாது. ஆகவே பெயரைப் புள்ளிதோறும் பிரித்து, உறுப்புத்தோறும் சோதித்தல் வேண்டும். முழுப்பெயரையும் ஒருங்கே நோக்கி, தகாத குறி இல்லை என்ற அளவில் அமைவோர், இரு புள்ளிகள் அடுத்து நிற்கும் பெயரையும் ஏற்றுவிடுவர்.

இனித் தமிழ்ப் பெயருக்கு வருவோம். 'திருகோணமலை' என்பது நம் இலக்கணப்படி ஆறெழுத்துச் சொல். ஒருங்குறியிலோ அது பத்துக் குறிகள். உயிர்மெய்யில் உயிரின் அடையாளம் தனிக்குறியாக எண்ணப்படுதலே காரணம். அவ்வடையாளங்களை ஒருங்குறி 'எழுத்து' என்னும் வகுப்பில் வைக்கவில்லை. எனவே, 'ஒவ்வொரு குறியும் எழுத்தா?' என வினவும் நிரல் முதலெழுத்தாகிய 'தி'யிலேயே பெயரைத் தள்ளிவிடும். மெய்யின் தலைமேற் புள்ளிக்கும் இதே கதி. புள்ளியைத் தள்ளியபின் தமிழில் எஞ்சுவது யாது? அன்றியும், 'கோ' என்பதன் ஓகாரக் குறியை ஒரு குறியாகவும் இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, பொறிக்கு வேறு. சோதனைக்கு முன் அவற்றை ஒருவடிவாக்குதல் இன்றியமையாதது.

பெயரகராதியாகிய இணைய அமைப்போ இன்றும் பழைய குறிகளையே பெரிதும் நம்பி நிற்கிறது. 2003 இல் வகுக்கப்பட்ட 'பியூனிக்கோட்' என்னும் முறை தமிழ்ப் பெயரை அக்குறிகளாக மாற்றுகிறது. 2010 இல் இணையத்தின் மூலப்பட்டியலில் இடம்பெற்ற '.இலங்கை' என்னும் ஈறு, அங்கே எக்ஸ், என், இரு சிறுகோடுகள் எனத் தொடங்கும் பதினாறு குறிகளாய் நிற்கிறது. எனவே முதலில் மாற்றம், பின்னரே 63 என்ற எல்லையும் பிற சோதனைகளும். இரு சிறுகோடுகள் அடுத்து வருதல் பிழை எனத் தாமே ஒரு விதியைப் புனைந்துகொள்வோரும் உளர். அவர்தம் நிரல், மாற்றப்பட்ட தமிழ்ப் பெயர் அனைத்தையும் ஒருங்கே மறுத்துவிடும்!

பொறியறையினுள் உள்ள கருவிக்கு ஆங்கிலக் குறிகளாலான பெயரே தக்கது. பல கருவிகள் வேறொன்றையும் ஏலா. மக்கள் நாடிவரும் முகவரிக்கு அக்கட்டுப்பாடு வேண்டுவதில்லை. ஆயின் ஊர்ப்பெயரைச் சிலர் 'திருகோணமலை' எனவும், சிலர் 'திருக்கோணமலை' எனவும் எழுதுவர். இரண்டும் சோதனையில் தேறும். பொறிக்கு இரண்டும் வெவ்வேறு பெயர்கள். இரண்டையும் பதிந்துகொள்ளுதலே முகவரி உடையார் செய்யத்தக்கது.