பழைய கடைவீதிப் படமா? கொஞ்சம் மேலே பாருங்க

அமெரிக்கச் சிற்றூர்களின் பழைய கடைவீதிப் படங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. 'மெயின் ஸ்ட்ரீட்' என்று ஒரு தெரு, இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி செங்கல் கட்டடங்கள். பார்க்கிறவர் கண் முதலில் கார்கள் மேலேயும் தொப்பி போட்ட மனிதர்கள் மேலேயும்தான் போகும். நான் முதலில் பார்ப்பது கட்டடத்தின் நெற்றியை.

காரணம் இருக்கு. கடை கைமாறும்போதெல்லாம் கீழ்த்தளத்தின் முகமும் மாறிவிடும். மாடி பெரும்பாலும் அப்படியே நிற்கும். அதற்கும் மேலே, கூரை விளிம்பில், நம் கோயில்களின் கபோதம் மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது கார்னிஸ். பார்த்தால் கல் மாதிரி தெரியும். பல ஊர்களில் அது வெறும் அச்சழுத்திய தகரம். எவன்ஸ்வில், செயின்ட் லூயிஸ் நகரங்களில் இருந்த மெஸ்கர் குடும்பத்து நிறுவனங்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இதைக் கேட்டலாக் போட்டு விற்றன. தபாலில் ஆர்டர் கொடுத்தால் ரயிலில் வந்து இறங்கிவிடும்.

1930களில் காற்று திசை மாறியது. வீட்டுவசதிக் கடன் திட்டத்தின் உதவியோடு பல கடைகள் 'விட்ரோலைட்' என்ற வண்ணக் கண்ணாடி முகப்புக்கு மாறின. உலகப்போருக்குப் பிறகு ஊருக்கு வெளியே ஷாப்பிங் சென்டர்கள் வந்தன. போட்டிக்குப் புதுசாகத் தெரியணுமே! கட்டடத்தின் முகம் முழுக்க அலுமினியத் தகடு அடித்தார்கள். தகட்டுக்கு இடைஞ்சலாக நீட்டிக்கொண்டிருந்த கார்னிஸைப் பல இடங்களில் வெட்டியே எறிந்தார்கள்.

1977இல் ஒரு தேசியப் பாதுகாப்பு அறக்கட்டளை மூன்று சிற்றூர்களில் கடைவீதியை மீட்கும் முயற்சியைத் தொடங்கியது: இண்டியானாவின் மேடிசன், இல்லினாயின் கேல்ஸ்பர்க், தெற்கு டகோட்டாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ். பிறகு அது நாடு முழுக்கப் பரவியது. ஆனால் தகட்டைக் கழற்றினால் மேலே ஒரு வெட்டுத் தழும்புதானே இருக்கும்? அங்கே என்ன வைப்பது?

பழைய படம் சாட்சி சொல்ல வருவது இங்கேதான். வரலாற்றுக் கட்டடத்தைப் புதுப்பித்துத் தொழிலுக்குப் பயன்படுத்தினால், தகுதியான செலவில் 20 சதவீதம் வருமான வரியில் கழிவு உண்டு. அதற்குத் தேசியப் பூங்காத் துறையின் விதிகளுக்கு உட்பட வேண்டும். காணாமல்போன பகுதியை அப்படியே திரும்பக் கட்ட ஆவண ஆதாரம் தேவை. இல்லையென்றால் கட்டடத்தோடு ஒத்துப்போகும் எளிய புது வடிவம் வைக்கலாம். கற்பனையில் 'பழசு' செய்யக் கூடாது. ஒரு மங்கிய அஞ்சலட்டைக்கு இவ்வளவு கனம்!

சரி, படத்தின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? சில தடயங்கள்:

• அஞ்சலட்டையின் பின்புறம் இரண்டாகப் பிரிந்து, செய்திக்கும் முகவரிக்கும் தனித்தனி இடம் இருக்கிறதா? அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது 1907 மார்ச்சில்.

• தியேட்டர் பலகையில் படத்தின் பெயர் தெரிகிறதா? அதற்கு முந்தைய ஆண்டாக இருக்க முடியாது.

• 1867இல் தொடங்கிய சான்போர்ன் நிறுவனத்தின் தீக்காப்பீட்டு வரைபடங்களோடு ஒப்பிடுங்கள். செங்கல் என்றால் இளஞ்சிவப்பு, மரம் என்றால் மஞ்சள் என்று கட்டடம் கட்டடமாகக் குறித்திருப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. படம் காட்டுவது ஒரு நாளை மட்டும். 1890இன் கார்னிஸ் வேண்டும் என்பதற்காக 1935இன் கண்ணாடி முகப்பை உடைத்தால், ஒரு வரலாற்றுக்காக இன்னொன்றை அழிக்கிறோம். அந்தக் கண்ணாடிக்கும் இப்போது வயதாகிவிட்டது, இல்லையா?

பழைய தெருப் படம் கையில் இருந்தால், பின்னால் பென்சிலால் மெதுவாகத் தெருப் பெயரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். அந்த ஒரு வரி இல்லாத படம் அழகாக இருக்கலாம். ஆனால் அதை சாட்சிக்குக் கூப்பிடுவது ரொம்பக் கஷ்டம்.